அப்பா கெடுத்த வால்வு

எங்கள் அப்பாவுக்குத் தலைக்கனம் உண்டு. இல்லை என்று யாராவது சொன்னால் அவரே கோபித்துக்கொள்வார். செங்கல்பட்டு லோகோ ஷெட்டில் அவர் ஃபிட்டர். நீராவி என்ஜின்களைப் பிரித்து, துடைத்து, பூட்டி, மறுபடி ஓடவிடுகிற வேலை. நாங்கள் இருந்த ரயில்வே குடியிருப்புக்குப் பின்னால்தான் தண்டவாளம். அப்பா சாப்பிட உட்கார்ந்திருப்பார். தூரத்தில் ஒரு என்ஜின் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். சோற்றைப் பிசைகிற கை நின்றுவிடும். இடது பக்கம் வால்வு ஒழுகுகிறது என்பார். பிறகு ஷெட்டில் போய்ப் பார்த்தால் இடது பக்க வால்வுதான் ஒழுகும். டிரைவர்கள்கூட அவரை மேஸ்திரி என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் தலை கொஞ்சம் கனத்துப் போயிருந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயதோ பத்து வயதோ. பள்ளிக்கூடத்தில் தாசில்தார் மகளே வந்து நின்றாலும் நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுக்கமாட்டேன்.

அந்த வருஷம் வைகாசியில் அத்தைக்குக் கல்யாணம் ஆயிற்று. அப்பாவுக்கு அவள் ஒரே தங்கை. பெற்றவர்கள் இருவரும் சீக்கிரம் போய்விட, அப்பாதான் வளர்த்து ஆளாக்கினார். கொஞ்சி வளர்த்தார் என்று நினைக்கவேண்டாம், அதட்டி வளர்த்தார். அத்தைக்கு அவருக்கு எதிரே நின்று பேசியே பழக்கம் கிடையாது. எதுவானாலும் அம்மாவிடம் சொல்லுவாள், அம்மா போய் அப்பாவிடம் சொல்லுவாள், அப்பா ‘ம்’ என்பார். அந்த ‘ம்’ வந்துவிட்டால் காரியம் நடந்த மாதிரி. வராவிட்டால் அத்தோடு விட்டுவிட வேண்டியதுதான்.

மாமாவுக்கு, அதாவது அத்தையின் புருஷனுக்கு, மகாபலிபுரத்துக் கலங்கரை விளக்கத்தில் வேலை. இரவெல்லாம் விளக்கு அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வேலைக்கு ஏற்ற மாதிரியே பேச்சு குறைந்த மனுஷர். எதைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார், பிறகு தரையைப் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் பதில் வரும். கேட்டவர்கள் அதற்குள் வேறு பேச்சுக்குப் போயிருப்பார்கள். எனக்கு அவரை முதல் நாளே பிடித்துவிட்டது. அவரிடம் மோட்டார் சைக்கிள் இருந்தது, வேறு காரணம் எதற்கு?

யுத்தம் முடிந்து பட்டாளத்தார் ஏலத்தில் தள்ளிவிட்டுப் போன வண்டி அது. பச்சைச் சாயம் உரிந்து, துரு எட்டிப் பார்க்கும். திருக்கழுக்குன்றம் பாதையிலிருந்து அவர் ஊருக்குள் திரும்பும்போதே எங்கள் வரிசைக் கோடி வீடு வரைக்கும் சத்தம் கேட்கும். பிள்ளைகள் எல்லாம் தலைதெறிக்க ஓடுவோம். அப்பா மட்டும் இருந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டார். தண்டவாளத்தில் ஓடாத எதையும் அவர் வண்டி என்று ஒப்புக்கொண்டதே இல்லை.

ஆடி பிறந்ததும் அத்தையை வழக்கப்படி எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள் ஆடி மாதத்தில் ஒரே கூரைக்குக் கீழே இருக்கக்கூடாது. ஏன் என்று அம்மாவைக் கேட்டேன். சித்திரையில் பிள்ளை பிறந்துவிடும், சித்திரைப் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது என்றாள். ஆடிக்கும் சித்திரைக்கும் என்ன சம்பந்தம் என்றேன். போய் வாய்ப்பாடு படி என்றாள். பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் படித்துப் பார்த்தேன். அதில் ஒன்றும் போட்டிருக்கவில்லை.

மற்ற வீடுகளில் இது வழக்கம். எங்கள் வீட்டில் இது வாக்காகவே ஆகிவிட்டது. மாமா சித்திரையில் பிறந்தவர். அவர் பிறந்த வருஷமே அவருடைய அப்பா காய்ச்சலில் போய்விட்டார். அதிலிருந்து மாமாவின் அம்மாவுக்குச் சித்திரை என்றாலே நடுக்கம். ஒற்றைப் பிள்ளையை மடியில் கட்டிக்கொண்டு காலம் தள்ளியவள் அவள். அத்தையை அனுப்பிவைக்கும்போது அப்பாவைச் சாமி விளக்குக்கு முன்னால் நிற்கவைத்து, ஆடி முடிகிறவரை என் மகனை ஒரு ராத்திரிகூட உங்கள் வீட்டில் தங்கவைக்கக் கூடாது என்று கேட்டுக்கொண்டாள். அப்பா சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்தார். அப்பா கொடுத்த வாக்கு, அப்பா பூட்டிய நட்டு மாதிரி. கழலாது.

இதற்கு நடுவில் மாமாவுக்கு மாற்றல் உத்தரவு வந்தது. அந்தமான் பக்கம் ஏதோ ஒரு தீவில் இருக்கிற விளக்குக்குப் போகவேண்டும், இரண்டு வருஷம். அங்கே அந்த விளக்கும் அதைப் பார்த்துக்கொள்கிற நாலைந்து ஆட்களும் தவிர வேறு ஈ காக்கை கிடையாது. குடும்பத்தை அழைத்துப் போக அனுமதி இல்லை. மெட்ராஸிலிருந்து கப்பல் ஆடி முடிவதற்குள் புறப்பட்டுவிடும். மாமா ஆடிப்பெருக்கு விருந்துக்கு வருவார், சாப்பிடுவார், விளக்கு வைப்பதற்குள் கிளம்பிவிடுவார். அடுத்து மெட்ராஸ், அடுத்து கப்பல். அத்தை அவரை அன்றைக்குப் பார்த்தால் உண்டு, விட்டால் இரண்டு வருஷம் ஆகும். கல்யாணமாகி அப்போதுதான் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அம்மா ஒருநாள் அப்பாவிடம் மெல்லப் பேச்சை எடுத்தாள். மாப்பிள்ளையின் அம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாமே, சின்னஞ்சிறுசுகள், பாவம் என்றாள். ‘ம்’ வரவில்லை. அத்தை உள்ளே சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்து முடித்து, தோலை வாரிக் கொட்டி, கையையும் கழுவிவிட்டு வந்து, அதற்குப் பிறகும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஆடிப்பெருக்கு அன்று காலையில் கொளவாய் ஏரிக்கரைக்குப் போய்ப் படைத்துவிட்டு வந்து, நான் புளிச்சோற்றுக்கும் தேங்காய்ச்சோற்றுக்கும் நடுவில் எதை முதலில் தின்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மாமாவின் வண்டிச் சத்தம் கேட்டது. கேட்ட சத்தம் பாதியில் நின்றது. இருமியது. மறுபடி நின்றது. கடைசியில் மாமா வண்டியைத் தள்ளிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்து சேர்ந்தார். அப்பா வெளியே வராமலே, பெட்ரோல் இறங்கவில்லை என்று சுவருக்குச் சொன்னார்.

விருந்து நன்றாகவே நடந்தது. வடை, பாயசம், புது வேட்டி எல்லாம் உண்டு. அத்தை பரிமாறினாள், மாமா இலையைப் பார்த்தே சாப்பிட்டார். பொழுது சாயும் நேரத்தில் போய் வண்டியை உதைத்தார். அது கிளம்பவில்லை. உதைத்தார், உதைத்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மறுபடி உதைத்தார். பிறகு சாக்குப்பையிலிருந்து சாமான்களை எடுத்து வாசலில் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்பா உள்ளே அம்மாவிடம் சொன்னது வாசல் வரைக்கும் கேட்டது.

"நாடகம். காலைல வந்த வயித்து வலிய வெளக்கு வெக்கற நேரம் வரைக்கும் பாக்காம வெச்சினு இருந்தாரா?"

சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரிசோதனைக்கு வந்த அதிகாரி மாதிரி வெளியே வந்து நின்றார். மாமா அதற்குள் கார்பரேட்டரைக் கழற்றியிருந்தார். பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்கு ஊட்டுகிற சாமான் அது. ஒரு கைக்குள் அடங்கிவிடும். உள்ளே ஒரு மிதவை. அடியில் ஜெட் என்று ஒரு பித்தளைத் திருகு. அந்தத் திருகின் நடுவில் ஊசி முனையைவிடச் சின்னதாக ஒரு துளை. அப்பா அந்த ஜெட்டைக் கேட்டு வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, சூரியனுக்கு எதிரே பிடித்துப் பார்த்தார். வேட்டியில் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். துளையில் வெளிச்சம் தெரியவில்லை. கடற்கரை மணலும் டாங்க் துருவும் சேர்ந்து நிஜமாகவே அடைத்துக்கொண்டிருந்தன.

அடைப்புத்தான் என்றார் அப்பா. கொஞ்சம் ஏமாந்த மாதிரி இருந்தது அவர் குரல்.

நான் உடனே ஓடிப்போய் அம்மாவின் ஊக்கைக் கொண்டுவந்து நீட்டினேன். மாமா பதறிப்போனார். கம்பியோ ஊசியோ விட்டால் துளை பெரிதாகிவிடும், அப்புறம் வண்டி பெட்ரோலைக் குடித்துக்கொண்டே இருக்கும், கலங்கரை விளக்குக்கும் இப்படி ஒரு துளை உண்டு, அதையும் அவர் மயிரிழையால்தான் சுத்தம் செய்வார் என்றார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டது இல்லை. அப்பா தலையை ஆட்டினார். கல்யாணமான நாளிலிருந்து மாமா சொன்னதற்கு அப்பா தலையாட்டியது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

குதிரை வால் மயிர் கிடைக்குமா என்று மாமா கேட்டார். ஜட்கா ஸ்டாண்டு வரைக்கும் யார் போவது? நான் உள்ளே போய் அத்தையிடம் சொன்னேன். அவள் தன் பின்னலை அவிழ்த்து, நீளமாக ஒரு முடியைப் பிடுங்கி என் விரலில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள். மாமா அதை வாங்கிப் பார்த்தார். இது மெத்தென்று இருக்கிறது, உதவாது என்றார். சரி, உதவாது என்றால் தூர எறியவேண்டியதுதானே? சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கடைசியில் பக்கத்து வீட்டு ஃபயர்மேன், ரயில் என்ஜினுக்குக் கரி அள்ளிப் போடுகிறவர், தன் சைக்கிள் பம்பைக் கொடுத்தார். அதை வைத்து நாலு அடி அடித்ததும் மணல் தெறித்து, துளையில் வெளிச்சம் வந்தது.

வண்டியைப் பூட்டி உதைத்ததும் கிளம்பிவிட்டது. நான் கைதட்டினேன். ஆனால் சத்தத்தில் ஒரு டக்டக். நடுநடுவே வாய்வழியாகத் துப்புகிற மாதிரி ஒரு வெடி. அப்பா தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, வால்வு இடைவெளி கெட்டிருக்கிறது என்றார். வால்வுக்கும் அதைத் தூக்கிவிடுகிற தண்டுக்கும் நடுவில் காகிதம் நுழைகிற அளவு இடம் இருக்கவேண்டும். அதிகமானால் தட்டும். அந்த இடமே இல்லாமல் போனால் வால்வு மூடாது, என்ஜினுக்குள் அழுத்தம் நிற்காது, வண்டி கிளம்பவே கிளம்பாது. இந்த வண்டியோடு கும்மிருட்டில் வழியிலிருக்கிற சவுக்குத் தோப்பைத் தாண்டிப் போகமுடியாது என்று அவரே சொல்லிவிட்டார். இப்போதே சரிபண்ணிவிடலாமே என்று நான் கேட்டேன். அப்பாவுக்குக் கோபமே வந்துவிட்டது.

"சூடா கீற என்ஜின்ல வால்வு வெக்கறவன் பிட்டரே இல்ல. நல்லா ஆறணும். காலைலதான் கை வெக்கணும்."

அதற்குள் தெருவில் விளக்கு வைத்துவிட்டார்கள். அத்தை உள்ளேயிருந்து கதவு இடுக்கு வழியாக அப்பாவைப் பார்த்தாள். அம்மாவும் பார்த்தாள். அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, வாங்க மாப்ள என்று மாமாவை அழைத்துக்கொண்டு நேரே ஸ்டேஷனுக்கு நடந்தார். அங்கே வெயிட்டிங் ரூம் பெஞ்சில் அவரைப் படுக்கவைத்து, அங்கிருந்த காவல்காரனிடமும் சொல்லிவிட்டு, தனியாகத் திரும்பி வந்தார். எங்கள் கூரைக்குக் கீழே மாமா தங்கவில்லை. வாக்குக்குக் கீறல் விழவில்லை. அன்றைக்கு வீட்டில் அப்பாவைத் தவிர யாரும் சாப்பிடவில்லை; நான் சாப்பிட்டேன், வடை மீந்திருந்தது.

மறுநாள் விடிந்ததும் மாமா வந்துவிட்டார். என்ஜின் சில்லென்று ஆறியிருந்தது. அப்பாவுக்கு அன்று மத்தியான ஷிப்டு. ஷெட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த மெல்லிய தகடு ஒன்றை அளவுக்குக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மாமா இரண்டு ஸ்பேனரை எதிரும் புதிருமாகப் பிடித்து, ஒன்றை அசையாமல் நிறுத்தி மற்றதைத் திருகி, தகட்டை விட்டு இழுத்துப் பார்த்துப் பார்த்து வேலை செய்தார். அத்தை சமையலறையை விட்டு வரவில்லை. அண்ணன் வீட்டில் இருக்கும்போது புருஷனோடு நின்று பேசினால் அது என்ன மரியாதை? ஆகவே நான் தூது.

அந்தத் தீவுக்குத் தபால் வருமா என்று கேட்கச் சொன்னாள். நான் வாசலுக்கு ஓடி, வரிசை முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்டேன். மாமா சிரித்தார், தரையைப் பார்த்தார், படகு வந்தால் வரும் என்றார். படகு எப்போது வரும்? கடல் விட்டால் வரும். சோறு யார் ஆக்குவார்கள்? முறை வைத்து ஆக்குவார்கள். உடம்புக்கு வந்தால்? இதைக் கேட்டதும் மாமா குனிந்து ஸ்பேனரைத் திருக ஆரம்பித்தார். நான் விடுவேனா? இன்னும் பலமாகக் கேட்டேன்.

"படகு வர்ற வரைக்கும் தாங்கனா, படகுல கூட்டினு வருவாங்க."

அதை அப்படியே உள்ளே கொண்டுபோய்க் கத்தினேன். அத்தை அதற்குமேல் ஒன்றும் கேட்டனுப்பவில்லை. அப்பா கூடத்தில் நின்று சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். போட்ட பொத்தானைக் கழற்றி மறுபடி போட்டார், அதையும் கழற்றினார்.

மாமா எழுந்து ஒரே உதை உதைத்தார். வண்டி கிளம்பியது பாருங்கள், தையல் மிஷின் மாதிரி ஒரே சீராக ஓடியது. டக்டக் இல்லை, துப்பல் இல்லை. பக்கத்து வீட்டு ஃபயர்மேன் வெளியே வந்து பலே என்றார். மாமா கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பார்த்தார். ஊருக்குள் ஒரு சுற்றும் போய்வந்து, வண்டியை அணைக்காமல் வாசலில் நிறுத்தினார். பிறகு சாமான்களைத் துடைத்துச் சாக்குப்பையில் போட்டுக் கட்டிவிட்டு, போய்விட்டு வருகிறேன் என்று அப்பாவிடம் சொன்னார். மனுஷருக்குச் சூதுவாது தெரியாது. இன்னும் ஒரு மணி நேரம் இழுத்தடிக்கலாம் என்றுகூடத் தோன்றவில்லை அவருக்கு.

வழிக்கு மோர் கொடுக்க அத்தை டம்ளரோடு வாசற்படிக்கு வந்தாள். அவள் என்னிடம் தரவேண்டும், நான் மாமாவிடம் தரவேண்டும். நான் டம்ளரைப் பிடித்தேன், அவள் விடவில்லை. இழுத்தேன், அப்போதும் விடவில்லை. மோர் என் கை மேலெல்லாம் வழிந்தது. அத்தை என்னைப் பார்க்கவே இல்லை. அப்பா அத்தையைப் பார்த்தார்.

"நிறுத்துங்க மாப்ள. சத்தம் சரியில்ல."

"சரியாத்தான மச்சான் கீது" என்றார் மாமா.

"வெளக்க நீங்க பாருங்க. என்ஜின நான் பாக்கறேன்."

மாமா நிறுத்தினார். அப்பா வெள்ளைச் சட்டையோடு மண்ணில் குந்தி உட்கார்ந்து ஸ்பேனருக்குக் கை நீட்டினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்போதுதான் ஓடி நின்ற என்ஜின், பக்கத்தில் போனாலே அனல் அடிக்கிறது. அப்பா, சூடு, சூடு என்று கத்தினேன். அவர் காதிலேயே வாங்கவில்லை. தகடுகூட வைக்காமல் குருட்டாம்போக்கில் ஒரு திருகு, இன்னொரு திருகு. விரல் சுட்டு உதறிக்கொண்டார். எழுந்து, உதைங்க என்றார்.

மாமா உதைத்தார். மிதி, தடையே இல்லாமல் தொளதொளவென்று கீழே போய் விழுந்தது. வால்வு மூடவில்லை. அழுத்தம் எல்லாம் போய்விட்டது. ஃபயர்மேன் வாய்விட்டுச் சிரித்தார். நான் அவமானத்தில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். மாமா அப்பாவைப் பார்த்தார், மிதியை மறுபடி ஒருமுறை மெல்ல மிதித்துப் பார்த்தார்.

அப்பா எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே பேசினார். தன் கைதான் கெடுத்துவிட்டது என்றார். இனிமேல் வண்டி ஆறவேண்டும், காலையில்தான் வைக்கமுடியும் என்றார். வண்டியை வாசலில் அநாதையாக விடமுடியாது, ஆகவே மாப்பிள்ளை காவலுக்கு இருக்கட்டும் என்றார். அம்மா பக்கம் திரும்பி, அச்சரப்பாக்கத்தில் தன் ஒன்றுவிட்ட அண்ணன் வரச்சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார், நாம் மூன்று பேரும் சாயங்கால பாசஞ்சரில் போய்விட்டுக் காலையில் வந்துவிடலாம், வீட்டுக்குத் தங்கை இருக்கட்டும், ஷிப்டை யாரையாவது மாற்றிக்கொள்ளச் சொல்கிறேன் என்றார். பெரியப்பா எப்போது ஆள் அனுப்பினார் என்று அம்மா கேட்டாள். அப்பா ‘ம்’ என்றார்.

அம்மா அப்பாவை ஒட்டி வந்து நின்றாள். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"மாப்ள அம்மாவுக்கு இன்னா பதில் சொல்றது?"

"நான் வால்வ கெடுத்துட்டேன்னு சொல்றது" என்றார் அப்பா.

நான் வரமாட்டேன் என்று அடம்பிடித்தேன். காலையில் வால்வு வைப்பதைப் பார்க்கவேண்டாமா? மாமாவோடு சேர்ந்து நானும் வண்டிக்குக் காவல் இருக்கிறேன் என்று தரையில் உருண்டேன். அம்மா, தூக்குகிற வயதைத் தாண்டிய என்னை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தாள். ரயிலில் அப்பா ஜன்னலோரம் உட்கார்ந்து சுட்ட விரலை ஊதிக்கொண்டே வந்தார். எங்களை இழுத்துக்கொண்டு போன என்ஜின் கண்டபடி இரைந்தது. அதற்கு அப்பா தலையைக்கூடச் சாய்க்கவில்லை.

அச்சரப்பாக்கத்தில் பெரியப்பா கதவைத் திறந்ததும் திகைத்துப் போனார். யாருக்கு என்ன ஆயிற்று என்றார். அவர் யாரையும் வரச்சொல்லவும் இல்லை, ஆள் அனுப்பவும் இல்லை. சும்மா பார்க்க வந்தோம் என்றார் அப்பா.  காலையில் வால்வு தப்பு, சாயங்காலம் இது தப்பு. அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. அம்மாவிடம் ரகசியமாகச் சொன்னேன். அவள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள்.

மறுநாள் முதல் வண்டிக்குத் திரும்பி வந்தோம். மாமா வால்வு வைத்து முடித்து, கையையும் கழுவிவிட்டு நின்றுகொண்டிருந்தார். அப்பாவைக் கண்டதும் சிரித்தார், தரையைப் பார்த்தார். அப்படியே குனிந்து காலைத் தொடப் போனார். அப்பா தோளைப் பிடித்து நிமிர்த்திவிட்டு, பொழுதோட போங்க மாப்ள என்றார். அத்தை காப்பி கொண்டுவந்து, அம்மாவிடம் கொடுக்காமல், என்னிடமும் கொடுக்காமல், அப்பா கையிலேயே கொடுத்தாள். மாமா கிளம்பிப் போனபோது அவள் அழவே இல்லை. வண்டிச் சத்தம் தேய்ந்து அடங்குகிற வரைக்கும் படியில் நின்றிருந்துவிட்டு, உள்ளே போய் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

அப்பா அந்த வாரமே பஸ் பிடித்து மகாபலிபுரம் போய், தன் கை பிசகினதால் இப்படி ஆகிவிட்டது என்று அந்த அம்மாளிடம் சொல்லிவிட்டு வந்தார். அவள் இளநீர் வெட்டிக் கொடுத்தாளாம். அவள் பயந்தது எதுவும் நடக்கவில்லை. மாமா கறுத்துச் சிறுத்துப்போய் இரண்டு வருஷம் கழித்து வந்து சேர்ந்தார். அவர்களுக்கு முதல் பிள்ளை அதற்கப்புறம் ஒரு மார்கழியில் பிறந்தது. அதெல்லாம் பின்னால்.

அந்த ஆடியில் என் தலையில் விழுந்த இடி வேறு. ஃபயர்மேன் சும்மா இருப்பாரா? மேஸ்திரியின் சாமர்த்தியத்தை ஷெட் முழுக்கப் பரப்பிவிட்டார். மலை மாதிரி என்ஜினைப் பிரித்துப் பூட்டுகிற ஆசாமி, சுண்டைக்காய் மோட்டார் சைக்கிளிடம் தோற்றுவிட்டாராம், அதுவும் சூட்டிலேயே கை வைத்தாராம். அப்பா கற்றுக்கொடுத்த பயல்களே அவர் காதுபடச் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்தவர்கள் கேட்டார்கள். கடைவீதியில் பார்த்தவர்கள் கேட்டார்கள். யார் கேட்டாலும் அப்பா, ஆமாம்ப்பா, அது நமக்கு வராது என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினால் என்ன? நாக்கு எங்கே போயிற்று?

ஒருநாள் தண்ணீர்க் குழாயடியில் ஃபயர்மேனின் மகன், உங்க அப்பனுக்கு வேலையே தெரியாதாமே என்றான். நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்து, பல் பதியக் கடித்துவிட்டேன். அவன் அலறினான், ஊர் கூடிவிட்டது. நான் வீட்டுக்கு ஓடிவந்து, அடி விழுவதற்குள் நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் அத்தையிடம் கொட்டினேன். அப்பாவுக்கு வேலை தெரியும்தானே, அன்றைக்கு ஒருநாள் மட்டும்தானே தப்பாகிவிட்டது, நீயாவது போய் அவர்களிடம் சொல் என்றேன்.

அத்தை என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு அழ ஆரம்பித்தாள். மாமா போன அன்றைக்குக்கூட அழாதவள், தேம்பித் தேம்பி அழுதாள். என் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. கடிபட்டவன் அவன். அடி வாங்கப் போகிறவள் நான். பேர் கெட்டது அப்பாவுக்கு. நடுவில் இவளுக்கு என்ன வந்தது, இவள் எதற்காக இப்படி அழுகிறாள் என்று எனக்குக் கொஞ்சமும் விளங்கவில்லை.